கையால் நிறமேறிய பறவைகள்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் கறுப்பு வெள்ளைக் குருவி வெண்புருவ வாலாட்டி. அதன் அறிவியல் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது: மோட்டாசில்லா மெடராஸ்படென்சிஸ். ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய மெட்ராஸ் பறவைப் படங்கள், 1713-இல் ஜான் ரேயின் நூலில் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தன. நிறமில்லாத கோட்டுப்படங்கள்தான்.

நிறம் சேர்ந்த மெட்ராஸ் படங்களுக்குப் பெயர்போனவர் இன்னொரு மருத்துவர், டி.சி. ஜெர்டான். 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக அவர் கொண்டுவந்த நூலில் 50 படங்கள். மூலப்படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பறவை உட்காரும் தோரணை அவர்களுக்குப் பழக்கம். அது படத்தில் தெரிகிறது.

இந்தப் படங்களைச் சேகரிக்க விரும்புகிறவருக்குப் பணத்துக்கு முன்னால் வேண்டியது ஒரு பூதக்கண்ணாடி. செப்புத்தகட்டில் கோட்டைச் செதுக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்துவார்கள். அதனால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். கல்லச்சில் அது இராது. சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக்கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டுவார்கள். நீர் பட்ட இடம் மையை ஏற்காது. கோடு பென்சில்போல் சொரசொரப்பாக விழும். ஜெர்டானுடையவை இந்த வகை.

இரண்டிலும் அச்சானது கோடு மட்டுமே. நிறம் சேர்ந்த படங்களில் அதை ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் தீட்டினார்கள். ஆகவே ஒரே படத்தின் இரு பிரதிகள் அச்சு அசலாக ஒத்திருக்காது. சிறகின் நீலம் ஓரிடத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும், கண்ணில் கோந்துப்பசையின் மினுக்கு இருக்கும். ஈயவெள்ளை பூசிய இடம் சில பிரதிகளில் காற்றுப்பட்டுக் கறுத்துப்போயிருக்கும். லென்ஸில் பார்க்கும்போது நிறம் வரிசையான புள்ளிகளாக உடைந்தால் அது இக்கால ஆப்செட் நகல். வெறும் கோட்டுப்படமாக வந்த பழைய தாளுக்கு இன்றைக்கு நிறமடித்து விற்பவர்களும் உண்டு. இதைப் பிடிப்பதுதான் கடினம். நல்ல பிரதி ஒன்றோடு ஒப்பிட்டால் ஒழிய வழியில்லை.

வாங்கிய படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சைப் புள்ளி வரும். வெள்ளிமீன் பூச்சி தாளை அரிக்கும். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல 1972-ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

இந்தச் சந்தையில் எனக்குப் பொறுக்காத வழக்கம் ஒன்று: முழுநூலைப் பிரித்துத் தாள்தாளாக விற்பது. அப்படிக் கிழிக்கப்பட்டது என்று தெரிந்தால் வாங்காதீர்கள். ஜெர்டானின் படங்களைப் பல்லுயிர் மரபு நூலகத்தின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.