வீட்டைக் காக்கும் வாயில்லா ஜீவன்கள்

திருநாவலூர் என்றதும் சுந்தரர் நினைவுக்கு வருவார். அவர் பிறந்த ஊர் இது. நாவல் மரத்தைத் தல மரமாகக் கொண்ட பக்தஜனேசுவரர் கோவில் இங்கே இருக்கிறது.

சுந்தரருக்குக் குண்டையூரில் மலை போல நெல் குவிந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. அவருடைய ஊரில் இன்று வாழும் சிறு விவசாயிக்கு அப்படி நெல் குவிவது இல்லை. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம். மழை பெய்தால் விளைச்சல். பொய்த்தால் கடன்.

அப்படியானால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பிள்ளைகள் படிப்பது எப்படி?

கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். பதில் அங்கே அசை போட்டுக் கொண்டு நிற்கிறது!

மூன்று உண்டியல்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. அதன் ஊராட்சி ஒன்றியங்களில் திருநாவலூரும் ஒன்று. மேற்கே கல்வராயன் மலை. மலையை விட்டுக் கீழே இறங்கினால் நெல், கரும்பு, மல்லாட்டை விளையும் பூமி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இங்குள்ள சிறு விவசாயி வீட்டில் மூன்று உண்டியல்கள் உண்டு. மூன்றுக்கும் உயிர் உண்டு!

முதல் உண்டியல் கோழி. இது சில்லறைக் காசு. உப்பு, புளி வாங்கவும், பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் நாலு முட்டை விற்றால் போதும். அடை வைத்த முட்டை 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

இரண்டாவது ஆடு. இது கொஞ்சம் பெரிய பணம். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பெரும்பாலும் இரண்டு குட்டிகள் போடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எத்தனையோ வீடுகளில் ஒரு கிடா சந்தைக்குப் போகிறது. சீருடையும் பையும் வீட்டுக்கு வருகின்றன.

மூன்றாவது பசு. இது மாதச் சம்பளம் போல. காலையிலும் மாலையிலும் கறந்த பால் சங்கத்துக்குப் போகிறது. கொழுப்பும் மற்றச் சத்தும் எவ்வளவு என்று பார்த்து விலை போடுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் மளிகைக்கடை பாக்கி தீர்கிறது.

வீணாவது எதுவும் இல்லை

இந்த உண்டியல்களுக்குப் போடும் காசு என்ன தெரியுமா? மனிதனுக்கு வேண்டாத பொருள்கள்தான்.

நெல்லை நாம் எடுத்துக் கொள்கிறோம். வைக்கோல் மாட்டுக்கு. மல்லாட்டையை நாம் எடுத்துக் கொள்கிறோம். கொடி மாட்டுக்கு. அரிசி களைந்த தண்ணீர் தொட்டிக்கு. சிந்திய நொய் கோழிக்கு. வேலியில் உள்ள தழை ஆட்டுக்கு.

அது சாணமாகவும் புழுக்கையாகவும் திரும்பி வருகிறது. எருக்குழியில் மக்குகிறது. மறுபடி வயலுக்குப் போகிறது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவு ஆட்டுக்கிடை போட்டால் நிலத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

ஆனால் ஒன்று. வைக்கோல் மட்டும் தின்றால் மாட்டுக்கு வயிறு நிறையும், சத்து சேராது. வரப்பு ஓரத்தில் அகத்தியும் வேலிமசாலும் இருந்தால் தீவனச் செலவு குறையும்; பாலும் கூடும்.

அம்மாவின் உழைப்பு

விடியற்காலம் நாலு மணிக்கே அந்த வீட்டு அம்மாள் எழுந்து விடுகிறாள். சாணம் அள்ளுகிறாள். தண்ணீர் காட்டுகிறாள். பால் கறக்கிறாள். பிறகுதான் அடுப்பு மூட்டுகிறாள். பாட்டி கோழியைத் திறந்து விடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஆட்டுக்குத் தழை ஒடித்து வருகிறான்.

உழைப்பவள் அவள். சங்கத்தில் உறுப்பினர் பெயரும் அவள் பெயராக இருந்தால் என்ன? பால் பணம் அவள் கைக்கு வந்தால் அது பிள்ளைகளின் வயிற்றுக்கும் படிப்புக்கும் போய்ச் சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் பால் முழுவதும் கேனில் ஊற்றப்படுகிறது. பிள்ளைக்கு வரக்காப்பி! இது சரியல்ல. பசு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கட்டாயம் வேண்டும்.

கன்றுக்கும் அதே நியாயம்தான். பிறந்த அரை மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. கன்று வயிறாரக் குடித்து மீந்ததைத்தான் நாம் வெல்லம் போட்டுக் காய்ச்ச வேண்டும்.

உண்டியல் உடைவது எப்படி?

இவ்வளவு உதவும் உண்டியல் மூன்று காரணங்களால் உடைகிறது. ஒன்று, கணக்குத் தவறுவது. இரண்டு, ஊசி தவறுவது. மூன்று, அவசரப்பட்டு விற்பது.

முதலில் கணக்கு. பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்தும். தீனி எடுக்காது. பால் குறையும். கண்ணாடி போன்ற கோழை வடியும். காலையில் இந்த அடையாளம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி போட வேண்டும். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் வீண் தீனிதான். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.

ஊசிக்குப் பயம் வேண்டாம்

அடுத்தது தடுப்பூசி. அந்தக் காலத்தில் வெக்கை நோய் வந்தால் ஊரில் உள்ள மாடெல்லாம் சாகும். ஏரும் நிற்கும்; குடும்பமும் நிற்கும். 1954-ல் இந்திய அரசு அந்த நோயை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக 1995-ல் அந்த நோய் தென்பட்டது. 2011-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்து விட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்ட நோய் இதுதான்! ஊசியின் மகிமை அது.

இன்று மிரட்டுவது கோமாரி. வாயிலும் குளம்பிலும் புண் வரும். மாடு தின்னாது, நடக்காது, பால் வற்றி விடும். இதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட வேண்டும். அரசு இதை இலவசமாகவே போடுகிறது.

ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. கோடைக்கு முன்பே, பிப்ரவரி மாதத்தில், கோழிகளுக்கு முகாம் நடத்துவது தமிழ்நாட்டில் வழக்கம். வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடை காலியாகி விடும்.

"ஊசி போட்டால் பால் குறையும்" என்று சிலர் மாட்டை மறைத்து விடுகிறார்கள். குறைந்தாலும் ஓரிரு நாள்தான். நோய் வந்தால் போவது மாடு!

மாடு திடீரென்று படுத்து விட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கால்நடை ஆம்புலன்சுக்கான எண் அது.

பொறுத்தால் பால் உண்டு

கடைசியாக, அவசர விற்பனை. பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும். அப்போதுதான் மடிக்கு ஓய்வு கிடைக்கும். வயிற்றில் உள்ள கன்றும் வளரும்.

அந்த இரண்டு மாதம்தான் சோதனை. சங்கத்துப் பணம் வராது. தீவனக் கடன் ஏறும்.

"மாட்டை வித்துடலாமா?" என்பார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. ஐப்பசியில கன்னு போட்டுடும்" என்பாள் மனைவி.

பல வீடுகளைக் காப்பாற்றியது இந்தப் பொறுமைதான். சினை மாட்டை விற்றவர், அதே போன்ற கறவை மாட்டை மறுபடி வாங்க வேண்டுமானால் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும். அதற்குக் கடன். கடனுக்கு வட்டி. கையில் இருந்த உண்டியலை உடைத்து விட்டுப் புது உண்டியலுக்கு அலையும் கதை!

பால் வரும் நாளில் வாரம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால் அந்த இரண்டு மாதத்தைச் சமாளித்து விடலாம். ஆடும் கோழியும் கை கொடுக்கும். அதற்காகத்தான் மூன்று உண்டியல்.

மாட்டுப் பொங்கல் அன்று கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டுக் கும்பிடுகிறோம். நல்ல வழக்கம். மற்ற 364 நாளும் அந்த ஜீவன்கள் கேட்பது காய்ந்த தரை, நல்ல தண்ணீர், வேளைக்குத் தீனி, நாள் தவறாத ஊசி. அவ்வளவுதான்.

இவற்றைக் கொடுத்தால் நம் பிள்ளைகளின் படிப்பை அவை பார்த்துக் கொள்ளும்.