மாட்டுப்பட்டியில் பேரி சிவக்குமா?

பழக்கடைகளில் பளபளக்கும் சிவப்புப் பேரிக்காயைப் பார்த்தவர்களுக்கு, 'இதை நம் வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்பே. மூணாறிலிருந்து 13 கிலோமீட்டரில், ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாட்டுப்பட்டியில் குளிருக்கா பஞ்சம்? 2019 ஜனவரியில் மூணாறு வட்டாரத் தேயிலைச் செடிகளின்மேல் உறைபனியே படர்ந்ததே!

ஆனால் பேரி மரத்துக்கு நாலு நாள் குளிர் போதாது. இலை உதிர்ந்து உறங்கும் மரம் விழித்துப் பூக்க, 7 டிகிரிக்குக் கீழான குளிர் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. இமாசலத்தில் விளையும் 'ரெட் பார்ட்லெட்' போன்ற முழுச் சிவப்பு வகைகளுக்குச் சுமார் 800 மணி நேரம் வேண்டும். நம் மலையில் இரவு நடுங்கினாலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்த வகையை இங்கே வைத்தால் மரம் வளரும், காய்ப்பது சந்தேகமே.

நமக்கு ஏற்றவை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பழகிய நாட்டுப் பேரி, கீஃபர் ஆகியவை. கீஃபருக்குக் குறைந்த குளிரே போதும். மஞ்சள் பழத்தில் வெயில் படும் கன்னம் மட்டும் சிவக்கும். அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் நடுக்கிளைகளைக் கழித்து, மரத்துக்குள் வெளிச்சம் விட வேண்டும்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது சமவெளிக் கணக்கு. பேரி ஒட்டுக்கன்றுக்கு மார்கழியும் தையும் நல்லவை. இரண்டடி ஆழக் குழி, மக்கிய சாணம், தண்ணீர் தேங்காத சரிவு, மழை வரும்வரை தவறாத நீர் ஆகியவை தேவை. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒற்றை மரம் சரியாகக் காய்க்காது. ஒரே சமயத்தில் பூக்கும் வேறு வகை ஒன்று அருகில் வேண்டும். இடமில்லையா? அதே மரத்தில் ஒரு கிளையை வேறு வகையால் ஒட்டலாம்.

காயை விறைப்பாக இருக்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். மரத்திலேயே விட்டால் உள்ளே கனிந்து அழுகும். காம்படியில் அழுத்தினால் இளகும்போது உண்ணலாம். யானை நடமாடும் ஊர் நம்முடையது. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் கிடக்க விடாதீர்கள்.

நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். ஐந்தாறு ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை யாருக்காக வைப்பது?

பேரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதை வேரோடு பெயர்க்க வேண்டியதில்லை. தை மாதத்தில், மொட்டு விரியுமுன், பென்சில் பருமனுள்ள குச்சிகள் நாலைந்து வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். காந்தல்லூரிலோ வட்டவடையிலோ கொடைக்கானலிலோ ஒரு நாட்டுப் பேரிக் கன்றின்மேல் ஒட்டினால் அதே மரம், அதே ருசி! திருநெல்வேலி வெயிலுக்கு மட்டும் இது சரிப்படாது.

ஆகவே மண் நமதில்லையே என்று தயங்க வேண்டாம். எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கன்றை நடுங்கள். குழந்தைகளுக்கு ஒட்டுக்கட்டக் கற்றுக் கொடுங்கள். வீடு கை மாறினாலும் மரம் நம்மோடு வரும்.