போப்பின் உச்சந்தலை

1915ஆம் ஆண்டு. ஐரோப்பா முழுக்கப் போர். பிரான்சின் புகழ்பெற்ற சிற்பி ஒகுஸ்த் ரோடின், 74 வயதில், ரோமுக்குப் போய்ப் போப் பதினைந்தாம் பெனடிக்டின் முகத்தைக் களிமண்ணில் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார்.

வேலை சிக்கியது முகத்தில் அல்ல, மண்டையில். போப்பின் தலையை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றார் சிற்பி. உயர்ந்த ஆசனத்தில் இருப்பவரை எவராவது மேலே நின்று குனிந்து பார்ப்பதுண்டா? போப்புக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. சில அமர்வுகளோடு எல்லாம் முடிந்துபோனது. மிச்சத்தை ரோடின் பாரிஸுக்குத் திரும்பி நினைவிலிருந்துதான் செய்தார்.

கண்ணும் மூக்கும் முன்பக்கம்தானே இருக்கின்றன, உச்சந்தலையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆளை எதிரே உட்காரவைத்துச் சிலை செய்பவர் முகத்தைப் பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பது விளிம்பைத்தான். பக்கவாட்டில் நின்று நெற்றி, மூக்கு, தாடையின் கோட்டை எடுப்பார். ஆளைக் கொஞ்சம் திருப்பி, களிமண் தலையையும் அதே அளவு திருப்பி, அடுத்த கோடு. இப்படியே பிடரி வரை ஒரு முழுச் சுற்று. எல்லா விளிம்புகளும் பொருந்திவிட்டால் நடுவில் இருப்பது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கன்னத்தெலும்பு எவ்வளவு தூரம் பக்கவாட்டில் விரிகிறது, நெற்றி எங்கே வளைந்து பின்வாங்குகிறது என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துச் செய்த சிலைகள் பல, முன்னால் நின்றால் ஆளாகவும் பக்கத்தில் போனால் வேறு யாராகவோவும் தெரிவது இதனால்தான்.

ஈரக் களிமண் தன் பாரத்தைத் தானே தாங்காது. அதனால் பலகையில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் கம்பியை வளைத்துக் கட்டி, மண் வழுக்கி இறங்காமலிருக்கக் குறுக்கே சிறு மரத்துண்டுகளையும் தொங்கவிடுவார்கள். அதன்மேல் மண்ணை அப்பி முதலில் வெறும் மண்டையைத்தான் எழுப்ப வேண்டும். காதுத் துளையிலிருந்து மூக்கு நுனிக்கு, முகவாய்க்கு, புருவத்துக்கு எத்தனை தூரம் என்று காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்வார்கள். புதியவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். உச்சிக்கும் முகவாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய கண் நெற்றிக்குப் போய்விடும். பின்மண்டையையும் கஞ்சத்தனமாகச் சிறிதாக்கிவிடுவார்கள். அன்றைய வேலை முடிந்ததும் ஈரத்துணி சுற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வெடிப்புகள் காத்திருக்கும்.

போப் கொடுக்காததையெல்லாம் கொடுத்தவர் எழுத்தாளர் பெர்னார்ட் ஷா. 1906இல் பாரிஸை அடுத்த மெதோனில் இருந்த ரோடினின் பட்டறைக்குப் போய் நாள் கணக்கில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சாதாரண ஆள் அல்ல. அப்போது ரோடினின் செயலாளராக இருந்த கவிஞர் ரில்கே. அந்த நாட்களைப் பற்றி ஷா பிறகு வேடிக்கையாக எழுதினார். மண் காயாமலிருக்க ரோடின் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துச் சிலைமேல் கொப்பளிப்பாராம். குறி தவறும்போது நனைந்தது ஷாவின் உடை. ஒரு கட்டத்தில் தலை அமர்ந்திருந்த விதம் பிடிக்காமல், கம்பியால் கழுத்தை அறுத்துத் தலையைத் தனியே எடுத்து வேறு வாகில் வைத்தார். களிமண்ணில் மட்டுமே இது முடியும். கல்லில் கழுத்தை வெட்டினால் வெட்டியதுதான்.

1933 செப்டம்பரில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீனுக்குக் கிடைத்தது இன்னொரு விதமான நெருக்கடி. நாஜிகளிடமிருந்து தப்பிய ஐன்ஸ்டைன், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் குரோமருக்கு அருகே ஒரு குடிலில் காவலோடு தங்கியிருந்தார். குடிலை ஒரு பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. சிற்பி திரும்பக்கூட இடமில்லை. முதல் நாள் ஐன்ஸ்டைனின் குழாய்ப் புகையில் முகமே மறைந்துபோக, இனி இடைவேளையில் புகைக்குமாறு எப்ஸ்டீன் கேட்டுக்கொண்டார். வெளிச்சம் போதவில்லை என்று கதவைக் கழற்றச் சொன்னார். அடுத்து கூரையையும் எடுத்துவிடலாமா என்று அங்கிருந்த பெண்கள் கிண்டலடித்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் வீதம் ஏறத்தாழ ஒரு வாரம், அவ்வளவுதான். அக்டோபரில் ஐன்ஸ்டைன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மண் துணுக்குகளை ஒட்டிய தடம் அப்படியே தெரியும் அந்தக் கரடுமுரடான வெண்கலத் தலையைப் பார்க்கும்போது, அவசரமும் சில சமயம் நல்ல உதவியாளன்தான் என்று தோன்றுகிறது.

நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது அந்தக் களிமண் அல்ல. மண் தலைமேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்சு எடுப்பார்கள். அச்சைத் திறந்து உள்ளேயிருக்கும் மண்ணைத் தோண்டி எறியும்போதே மூலச் சிலை போய்விடும். அச்சில் வார்த்த பிளாஸ்டர் தலையிலிருந்துதான் பிறகு வெண்கலம்.

சென்னையில் இந்த வித்தையை வேரூன்றச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் அந்தப் பள்ளியின் இரவுக் காவலாளியும் ஒருவர். பாறையைப் புரட்டும் அந்த நால்வரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் முதுகும் தோளும் பொய்யாகத் தெரிவதில்லை. எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதை மறுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் போப்புக்கு இருந்தது. சம்பளத்துக்கு வேலை செய்த காவலாளிக்கு அது இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.