காணாமற்போன வகுப்புத் தோழர்களைத் தேடுவோம்



பள்ளிப் பருவத்தில் உங்கள் அருகே அமர்ந்து, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்ட தோழர் இன்று எங்கே இருக்கிறார்? உயிரோடிருக்கிறாரா என்றேனும் அறிவீர்களா?

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவரைக் காணாதபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை எனக் கேட்டு, அவரது கப்ருக்கே சென்று தொழுதார்கள். கண்ணில் படாதவரைப் பற்றி விசாரிப்பது நபிவழியாகும்.

இதில் மற்றொரு கடமையும் உண்டு. அன்று வாங்கித் திருப்பித் தராத பணம், கேலி செய்து அழவைத்த மனம், சுமத்திய பழி இவையெல்லாம் அடியார்களின் உரிமைகள். உரியவரிடம் ஒப்படைத்தோ, மன்னிப்புக் கேட்டோ இம்மையிலேயே தீர்க்க வேண்டியவை. மறுமையில் நம் நன்மைகளே அவற்றுக்கு விலையாகும்.

எப்படித் தேடுவது?

முதலில் படித்த பள்ளிக்குச் செல்லுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். முகவரியைத் தரப் பள்ளியார் தயங்கினால், உங்கள் கடிதத்தை உரியவருக்கு அனுப்பி வைக்கும்படி கேளுங்கள். தமிழகத்தில் பிளஸ் டூ 1978-இல் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோர் பி.யு.சி.க்குக் கல்லூரி சென்றிருப்பார்கள். அவர்களைக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் விசாரிக்கலாம்.

பழைய நாட்குறிப்பிலுள்ள தொலைபேசி எண் ஐந்து இலக்கமாக இருந்தால், முன்னால் 2 சேர்த்து, பொள்ளாச்சியின் 04259 குறியீட்டுடன் அழைத்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலும் உதவும். உடுமலைப்பேட்டைத் தோழரைக் கோவை மாவட்டத்தில் தேடாதீர்கள். 2009 முதல் அது திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. வால்பாறைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் பல, வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டன. அங்குள்ள உறவினரிடம் கேளுங்கள்.

சகோதரிகளைத் தேடுவது இன்னும் கடினம். திருமணத்தோடு ஊர் மாறிவிடும். தந்தை பெயர் நின்ற இடத்தில் கணவர் பெயர் வந்துவிடும். எனவே பெண்களே தம் தோழியரின் தாய் வீட்டாரிடம் விசாரிப்பது நலம். மஹல்லா ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் மணமகன் ஊர் குறிக்கப்பட்டிருக்கும். நிர்வாகிகள் மூலம் செய்தி சொல்லி அனுப்பலாம்.

தேடலில் பேண வேண்டியவை

துருவித் துருவி ஆராய்வது மார்க்கம் தடுத்த ஒன்று. ஒருவரது எண்ணை அவரது அனுமதியின்றிப் பிறருக்குத் தராதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கேளாமல் சேர்க்காதீர்கள். ஒருவர் பேச விரும்பவில்லை என்றால் ஸலாம் கூறி விலகிவிடுங்கள். வறுமையோ, மணமுறிவோ, நோயோ அவரை ஒதுங்க வைத்திருக்கலாம்.

கிடைத்த தோழர் இறந்திருந்தால், அவருக்குத் தர வேண்டிய கடனை வாரிசுகளிடம் கொடுங்கள். அவர் முஸ்லிமாயின் துஆச் செய்யுங்கள். எவ்வளவு தேடியும் அவரோ வாரிசோ கிடைக்காவிடில், அத்தொகையை அவர் சார்பாகத் தர்மம் செய்யுமாறு மார்க்க அறிஞர்கள் கூறுகின்றனர். பின்னர் அவர் வந்து கேட்டால் அவருக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், ஆடு அறுக்கும்போதெல்லாம் அவர்களின் தோழியருக்கு நபி (ஸல்) அவர்கள் பங்கு அனுப்பி வந்தார்கள். பழைய நட்பைப் பேணுவதன் சிறப்பு இது.

இந்த ஜும்ஆவுக்குப் பின், ஒரே ஒரு பெயரையாவது தாளில் எழுதித் தேடத் தொடங்குங்கள். பிறர் உரிமையைச் சுமந்த நிலையில் தன்னைச் சந்திப்பதை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.