சாம்ப்ளர்: வெட்டி எடுத்த ஒலியில் புதுப் பாட்டு

2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கையும் தாண்டித் தமிழகம் வரை ஒலித்தது 'மடை திறந்து'. 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டோடு மலேசியத் தமிழ் ராப் சேர்ந்த பாட்டு அது.

பழைய பாட்டை எடுத்தாள இரண்டு வழி உண்டு. மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடி வாசிக்கலாம். பதிவான ஒலியையே வெட்டியும் எடுக்கலாம். வெட்டி எடுக்க உதவும் கருவிதான் சாம்ப்ளர். 2007இல் பாடகி எம்.ஐ.ஏ. தம் 'பாம்பூ பாங்கா' பாட்டில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலியை இப்படித்தான் சேர்த்தார்.

சாம்ப்ளர் ஒலியை எண்களாக்கிச் சேமிக்கும். சிடி தரத்தில் நொடிக்கு 44,100 அளவுகள். 1988இல் வந்த ஆக்காய் எம்பிசி60 கருவியில் விரலால் தட்ட 16 பட்டைகள் இருந்தன. ஒரு தட்டுக்கு ஒரு ஒலி. இன்று பெட்டாலிங் ஜெயாவில் படுக்கையறையில் பாட்டுக் கட்டும் இளைஞருக்கு ஒரு மடிக்கணினி போதும். நிமிடத்துக்கு 90 தட்டு வேகமென்றால், நான்கு தட்டுள்ள ஒரு சுற்று 2.67 நொடி. வெட்டிய துண்டு திரும்பத் திரும்ப ஓடுவதால், வெட்டு இம்மி பிசகினாலும் சுற்றுக்குச் சுற்று தாளம் இடறும்.

வெட்டும் வேலைகூட இல்லாமல், உரிமத்தோடு விற்கும் ஆயத்த லூப்புகளும், அதாவது சுற்றிச் சுற்றி ஓடும் ஒலித்துண்டுகளும் உண்டு. அவற்றை எடுத்தால் அது சொந்தப் பாட்டா? ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' (2007) டிரம்ஸ், ஆப்பிளின் கராஜ்பேண்ட் மென்பொருளோடு எல்லாருக்கும் கிடைத்த லூப். அந்த லூப் ஆயிரம் பேரிடம் இருந்தது. 'அம்ப்ரெல்லா'வைச் செய்தவர்கள் ஒரே குழுவினர்தான். மெட்டு, சொல், குரல், எதை எங்கே நிறுத்துவது என்ற முடிவு: சொந்தச் சரக்கு அதில்தான் இருக்கிறது. லூப்பை அப்படியே ஓடவிட்டுப் பெயர் போட்டுக்கொள்வது சோம்பேறித்தனம்.

பிறர் பாட்டிலிருந்து வெட்டினால் கணக்கு வேறு. மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டின் உரிமை, படைத்தவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நிற்கும். 'இத்தனை நொடி வரை இலவசம்' என்ற விதி எதுவும் அதில் இல்லை.

ஆகவே, லூப் வாங்கினால் உரிமத்தை முழுதாகப் படியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. அதே லூப்பை நாளை இன்னொருவர் தம் பாட்டில் போட்டால் அவரைத் தடுக்க உங்களால் முடியாது.