இஞ்சினுக்கு மூச்சூட்டும் டர்போ

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக விரையும் லாரிகளிலும் கார்களிலும் 'டர்போ' என்ற சொல்லை அடிக்கடி காண்கிறோம். அது செய்யும் பணி யாது? அதை மாற்றி வேகத்தைக் கூட்ட இயலுமா? சிறிது ஆராய்வோம்.

எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், திறன் பெருகும். வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் செலுத்தும் கருவியே டர்போசார்ஜர். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் பயனுக்கு நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி 2021இல் வெளிவந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் 998 சி.சி. டர்போ இஞ்சின் 120 குதிரைத்திறன் தந்தது. டர்போ இல்லாத 1197 சி.சி. ஐ20 தந்ததோ 83 மட்டுமே!

அடையாளம் காணல்

டர்போவின் மீதுள்ள தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் இருக்கும். கேரட் நிறுவனத்தின் 'ஜி.டி. 2860' என்ற பெயரில் 28 என்பது குடும்ப எண். 60 என்பது காற்றை அழுத்தும் சக்கரத்தின் பெரிய விட்டம், மில்லிமீட்டரில். அச்சக்கரத்தின் சிறிய விட்டத்தின் வர்க்கத்தைப் பெரிய விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 'டிரிம்' கிடைக்கும். விட்டங்கள் 45, 60 எனில் டிரிம் சுமார் 56. டிரிம் கூடினால் பாயும் காற்றும் கூடும்.

மாற்றுதல்

பெரிய டர்போ மிகுந்த காற்றைத் தரும். ஆனால் சுழன்று வேகம் பிடிக்கத் தாமதமாகும். 1998இல் வந்த ஆடி டி.டி. காரின் 1.8 லிட்டர் இஞ்சின் 180, 225 குதிரைத்திறன் என இரு வகையாக விற்கப்பட்டது. முன்னதில் கே03, பின்னதில் கே04 டர்போ. ஆனால் டர்போவை மட்டுமா மாற்றினார்கள்? காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றுக்கு இரண்டாயிற்று, இன்ஜெக்டர்கள் பெரிதாயின, இஞ்சினின் அழுத்த விகிதமும் குறைக்கப்பட்டது.

இவற்றை விடுத்து டர்போவை மட்டும் மாற்றி அழுத்தத்தை ஏற்றினால், காற்றுக்கு ஈடான பெட்ரோல் கிட்டாது. வெப்பம் மிகுந்து, கலவை காலம் தவறி வெடிக்கும்; பிஸ்டன் உருகவும் கூடும். பிரேக்கும் புதிய வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டுமன்றோ? பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவிற்கொள்க.

பாவுக்குப் பொருந்தாத அச்சைப் பூட்டினால் இழை அறும் என்பதை நம் ஊர் நெசவாளர் நன்கறிவர். இஞ்சினும் ஒரு தறியே. ஓர் உறுப்பை மாற்றுமுன் மற்ற உறுப்புகளையும் எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.