இணைய அகராதிகளில் சொல்வரிசையும் தேடலும்

திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் முதலாகப் பொருள்வகையால் 12 தொகுதிகளில் அடக்கியது. மனப்பாடம் செய்தவர்க்கு அம்முறை எளிது. ஒரு சொல்லைத் தனியே தேடுவோர்க்கு அரிது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என 4 பகுதிகளை உடையது. சொல்லை அறிந்தவர் பொருளையும், பொருளை அறிந்தவர் அதற்குரிய பல பெயர்களையும், செய்யுள் இயற்றுவோர் தொடைக்குரிய சொற்களையும் அதில் காணலாம். தேடுவோரின் தேவைக்கேற்ப வழிகள் வேறுபட வேண்டும் என்னும் இக்கொள்கை இணைய அகராதிகளுக்கும் கலைச்சொல் தளங்களுக்கும் பொருந்தும். அதனைச் செயற்படுத்துகையில் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

1. அகரவரிசை

யூனிகோடு குறியீட்டு வரிசையும் தமிழ் நெடுங்கணக்கு வரிசையும் ஒன்றல்ல. யூனிகோடில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் இடம்பெறுகின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் வருகிறது. குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால் 'மயில், மரம், மனம்' என்பவை 'மனம், மயில், மரம்' என மாறும். 'அக்கா'வுக்கு முன் 'அகம்' வந்துவிடும். எனவே தமிழ் வரிசைக்கெனத் தனி விதி அமைத்தல் வேண்டும்.

2. எழுத்துப்பதிவு

'கொ' என்னும் எழுத்தில் ஒகரக்குறி ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளாகவோ பதிவாகலாம். தோற்றம் ஒன்றாயினும் கணிப்பொறி இவற்றை வெவ்வேறாகக் கொள்ளக்கூடும். தளத்திலுள்ள சொல்லையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுதல் தகும்.

3. சொல்வடிவம்

மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் கண்ட வடிவத்தையே பெரும்பாலும் தேடுவர். 'மரத்தில்' என்று தேடுபவர்க்கு 'மரம்' என்னும் தலைச்சொல் கிடைக்க வேண்டுமாயின், 'இல்' உருபையும் 'அத்து'ச் சாரியையையும் பிரித்து, ஈற்று மகரத்தை மீட்க வேண்டும். எழுத்துத்தொடரை மட்டும் ஒப்பிடும் தேடலால் இது இயலாது.

இக்குறைகளின் விளைவு சிறிதன்று. தேடிய சொல் கிடைக்காதபோது, அது தொகுப்பில் இல்லை எனக் கருதி மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் ஆக்கிக்கொள்கிறார். ஒரு கருத்துக்குப் பல கலைச்சொற்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. வரிசை, வடிவ ஒருமை, சொற்பகுப்பு ஆகிய மூன்றும் இலக்கண அறிவை வேண்டி நிற்பதால், தள அமைப்பின் தொடக்கநிலையிலேயே மொழியியலாளர் பங்கேற்பது இன்றியமையாதது.